ஹேட்ரியன் சுவர் ஸ்காட்லாந்துக்காரர்களைத் தடுக்கக் கட்டியதா? அந்தத் தடித்த பண்ணை வீடுகள் யாருடையவை?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். வட இங்கிலாந்தின் நியூகாசிலுக்கு வேலைக்கு வந்த நீங்கள், விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, ஹேட்ரியன் சுவரை ஒட்டிய ரோமானியக் கோட்டையான ஹவுஸ்டெட்ஸுக்குப் போயிருக்கிறீர்கள். ஹேட்ரியன் சுவர் ஸ்காட்லாந்துக்காரர்களைத் தடுக்கக் கட்டியது, அதுதான் பழைய எல்லை என்று கூட வந்த நண்பர் சொன்னார். கைபேசியில் வரைபடத்தைத் திறந்தால் இங்கிலாந்து-ஸ்காட்லாந்து எல்லை வடக்கே எங்கேயோ கிடக்கிறது. திரும்பும் வழியில் நார்த் டைன் ஆற்றுப் பக்கம் சுற்றிக்கொண்டு வந்தபோது, ஒரு மீட்டருக்கு மேல் தடித்த சுவரும் ஜன்னல் என்று சொல்ல எதுவுமே இல்லாத முகமுமாகப் பழைய பண்ணை வீடுகளைப் பார்த்துவிட்டு, இவையும் ரோமானியர் கட்டியவைதானா என்று கேட்கிறீர்கள். கேள்வி இரண்டாகத் தெரிகிறது. ஆனால் நீங்கள் கேட்க வந்தது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: அந்த நிலம் எப்போதிலிருந்து எல்லையாக இருக்கிறது?

நேரடி பதில் இதுதான். சுவருக்கும் இன்றைய எல்லைக்கும் இடையே ஆயிரம் வருடத்துக்கு மேல் இடைவெளி. சுவர் கி.பி. 122 வாக்கில் தொடங்கியது. எல்லை ஒப்பந்தமாக எழுத்தில் வந்தது 1237இல். நீங்கள் பார்த்த வீடுகள் பெரும்பாலும் 1600ஐ ஒட்டி முன்னும் பின்னும் கட்டியவை. மூன்றும் ஒரே நிலப்பரப்பில் இருப்பதால் ஒரே கதை மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான். நான் தொல்லியல் படித்தவன், பிழைப்பு வட இங்கிலாந்தில் பழைய கட்டடங்களை அளந்து வரைந்து பதிவு செய்வது. கல், சுண்ணாம்பு, உளித்தடம் இவற்றைப் பற்றி என் கண்ணை நம்பிப் பேசுவேன். மட்பாண்டம், நாணயம், மண்ணில் புதைந்த மகரந்தம் போன்றவற்றில் அந்தந்தத் துறைக்காரர்கள் சொல்வதை வைத்துத்தான் பேசுகிறேன்.

சுவரைப் பற்றிச் சந்தேகமில்லாமல் தெரிந்ததை முதலில் பார்ப்போம். ரோமானியப் பேரரசர் ஹேட்ரியன் 122இல் பிரிட்டனுக்கு வந்தார். கிழக்கே டைன் ஆற்றங்கரையில் வால்ஸெண்ட் தொடங்கி மேற்கே பௌனெஸ் வரை 117 கிலோமீட்டர். மூன்று லீஜியன்களின், அதாவது ரோமானியப் பெரும்படைப் பிரிவுகளின் ஆட்கள் கட்டினார்கள். மேற்குப் பகுதியை முதலில் புல்மண் கட்டிகளால் எழுப்பி, அப்புறம்தான் கல்லுக்கு மாற்றினார்கள். ரோமன் மைலுக்கு ஒரு சிறு காவல்கோட்டை (இவற்றை எண்ணிட்டு மைல்கோட்டை என்கிறோம்), இரண்டு மைல்கோட்டைகளுக்கு நடுவே இரண்டு கோபுரங்கள் என்பது கணக்கு. முழுச் சுவரும் இன்றைய இங்கிலாந்துக்குள்தான் இருக்கிறது. மேற்கு முனையில் நின்றால் கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் ஸ்காட்லாந்து கண்ணுக்குத் தெரியும். கிழக்கு முனையிலிருந்து எல்லைக்குச் சுமார் 100 கிலோமீட்டர். சுவர் கட்டிய காலத்தில் ஸ்காட்லாந்து என்ற அரசே கிடையாது, அது உருவாக ஏழு நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. இங்கிலாந்தும் கிடையாது. அதனால் உங்கள் நண்பர் சொன்னதில் தடுப்பது என்ற பாதியைப் பற்றி வாதாடலாம். ஸ்காட்லாந்துக்காரர்கள் என்ற பாதிக்கு வாய்ப்பே இல்லை.

ஹேட்ரியன் கட்டியது என்பதுகூட ரொம்ப நாளைக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி இல்லை. சுவரின் கிழக்கு முனைக்குப் பக்கத்தில் ஜாரோ மடத்தில் வாழ்ந்த துறவியும் வரலாற்றாசிரியருமான பீட், எட்டாம் நூற்றாண்டில் எழுதும்போது, கல்சுவர் ஹேட்ரியனுக்குப் பிந்திய பேரரசரான செவெரஸ் காலத்துக்கும் மிகவும் பிந்தியது, ரோமானியர் கிளம்பிப் போகிற நேரத்தில் எழுப்பியது என்றார். அதன் அகலம் எட்டடி, உயரம் பன்னிரண்டு அடி என்றும் குறித்துவைத்தார். பிற்கால அறிஞர்கள் பலர் செவெரஸ் பேரரசருக்கே அதைக் கொடுத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் வழக்கு தீர்ந்தது. மைல்கோட்டை 38இல் கிடைத்த கல்வெட்டில் ஹேட்ரியன் பெயரும், அவருடைய ஆளுநர் ப்ளட்டோரியஸ் நேபோஸ் பெயரும், இரண்டாம் லீஜியன் பெயரும் சேர்ந்தே இருக்கின்றன. அதற்குமேல் பேச ஒன்றும் இல்லை.

எதற்காகக் கட்டினார் என்பதில்தான் சண்டை. பழைய எழுத்தில் நமக்கு இருப்பது ஒரே ஒரு வரி: ரோமானியரையும் காட்டுமிராண்டிகளையும் பிரிப்பதற்காக என்று, ஹேட்ரியன் இறந்து இருநூறு வருடத்துக்குமேல் கழித்து எழுதிய வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. மைலுக்கு ஒரு வாசல் வைத்திருப்பதைப் பார்த்தால், போக்குவரத்தை வாசல் வழியாகத் திருப்பி, ஆளை எண்ணி, ஆயுதத்தை வாங்கிவைத்துக்கொண்டு அனுப்புகிற ஏற்பாடு மாதிரி தெரிகிறது. ஆனால் நியூகாசில் நகரத்துக்குள்ளேயே பைக்கர் பகுதியில் தோண்டியபோது, சுவருக்கும் அதன் வடபுற அகழிக்கும் இடையே வரிசையாகக் குழிகள் கிடைத்தன, கூர்சீவிய கவட்டுக் கிளைகளை நட்டுவைத்த குழிகள். வெறும் சுங்கச்சாவடிக்கு இவ்வளவு முள்வேலி எதற்கு? சுவரின் தலையில் வீரர்கள் நடந்து காவல் காத்தார்கள் என்று படத்தில் வரைகிறார்களே, அதற்கு உறுதியான சான்று இல்லை, ஏனென்றால் எந்த இடத்திலும் சுவர் முழு உயரத்துக்கு மிஞ்சவில்லை. தெற்குப் பக்கத்தில் இன்னொரு பெரிய பள்ளம், இரண்டு பக்கமும் மண்மேட்டோடு, சுவருக்குத் துணையாகவே ஓடுகிறது. ராணுவ எல்லைக்குள் உள்ளூர்க்காரர்கள் நினைத்தபடி நுழையாமல் இருக்க அது என்பது பலரும் ஏற்றுக்கொண்ட விளக்கம். என் கணிப்பு: பெரும்படையை நிறுத்த இந்தச் சுவர் போதாது, கட்டியவர்களும் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள். இருட்டில் வந்து மாட்டை ஓட்டிப்போகிற சிறு கும்பலுக்கு இது பெரிய தொல்லை. அந்த வேலைக்குத்தான் இது என்று எடுத்துக்கொண்டால் வாசலுக்கும் முள்ளுக்கும் ஒருசேரப் பொருள் கிடைக்கிறது.

சுவரால் அங்கே வாழ்ந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. சுவரின் அடித்தளத்துக்குக் கீழே சில இடங்களில் ஏர் உழுத தடம் கிடைத்திருக்கிறது. அதாவது யாரோ உழுதுகொண்டிருந்த வயலின் மேல் கோடு போட்டுக் கட்டியிருக்கிறார்கள். இந்த நூற்றாண்டில் நியூகாசிலுக்கு வடக்கே புது வீட்டுமனைகளும் சுரங்கங்களும் வருவதற்கு முன்னால் தோண்டிப் பார்த்தபோது, பள்ளம் சூழ்ந்த பெரிய குடியிருப்புகள் பல வெளிப்பட்டன. தலைமுறை தலைமுறையாக இருந்த அந்த ஊர்கள், கரிமக் காலக்கணிப்பின்படி, சுவர் வந்த காலத்தை ஒட்டி ஆளில்லாமல் போயின. இந்த முறையில் சில பத்தாண்டுகள் முன்பின் ஆகலாம் என்பதால், சுவர்தான் காரணம் என்று நீதிமன்றத்தில் நிற்கிற அளவுக்குச் சொல்ல முடியாது. ஆனால் வேறு நல்ல விளக்கமும் யாரும் தரவில்லை.

காவலுக்கு இருந்தவர்களும் இத்தாலிக்காரர்கள் இல்லை. சுவருக்குச் சற்றுத் தெற்கேயுள்ள விண்டோலாண்டா கோட்டையில் 1973 முதல் கிடைத்துவரும் மரச்சீட்டுகளைப் பார்த்தால் இது புரியும். தபால் அட்டை அளவுக்கு மெல்லிய மரத்தகட்டில் மையால் எழுதியவை. காற்றுப் புகாத ஈரமண்ணில் கிடந்ததால் தப்பித்தன. பெரும்பாலானவை சுவருக்கு இருபது முப்பது வருடம் முந்தியவை. அதில் ஒன்று படைக்கணக்கு: இன்றைய பெல்ஜியம் பக்கத்துத் துங்கிரியர் படையில் மொத்தம் 752 பேர், அதில் 456 பேர் வேறு இடங்களில், கோட்டையில் இருப்பவர்கள் 296. அந்த 296இல் 15 பேர் நோயாளிகள், 6 பேர் காயம்பட்டவர்கள், 10 பேருக்குக் கண்நோய். அலுவலகப் பதிவேடு மாதிரியே இருக்கிறதல்லவா? சவுத் ஷீல்ட்ஸ் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போனால் ரெஜீனா என்ற பெண்ணின் கல்லறைக் கல்லைப் பாருங்கள். முதுகு உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் நூற்கும் கோல், காலடியில் ஒரு பக்கம் கம்பளிநூல் உருண்டைகள் நிறைந்த கூடை, மறுபக்கம் நகைப்பெட்டி. லண்டனுக்கு வடக்கேயுள்ள கட்டுவெல்லவுனி இனத்துப் பெண், அடிமையாக இருந்து விடுதலை பெற்றவள், வயது 30. கல்லை வைத்த கணவன் பராடஸ், சிரியாவின் பால்மைரா ஊர்க்காரன். லத்தீனில் எழுதியதற்குக் கீழே தன் சொந்த மொழியிலும் ஒரு வரி வெட்டவைத்திருக்கிறான்: பராடஸின் ரெஜீனா, விடுதலை பெற்றவள், ஐயோ. லத்தீன் எழுத்துகளைவிட அந்த வரி கைதேர்ந்த வெட்டு. சுவருக்குத் தெற்கேயுள்ள கார்பிரிட்ஜ் ஊரில் 68 வயதில் இறந்த ஒரு பால்மைராக்காரனின் கல்லும் இருக்கிறது. பெயரின் முதல் எழுத்துகள் உடைந்துபோய்விட்டன. அதே ஆள்தான் என்று பலர் ஆசைப்படுகிறார்கள், நானும்தான். நிரூபிக்க வழியில்லை.

ரோமானிய ஆட்சி போனபின் சுவர் எல்லையாக நீடித்ததா? இல்லை, இங்கேதான் பொதுப்புத்தி ரொம்பத் தவறுகிறது. மேற்கே பேர்டோஸ்வால்ட் கோட்டையில் 1980களின் பிற்பகுதியில் தோண்டியபோது, இடிந்த தானியக் களஞ்சியத்தின் மேலேயே பெரிய மரக்கூடம் ஒன்று எழும்பியிருந்தது தெரிந்தது. படைத்தலைவன் ஒருவன் சம்பளம் நின்ற பிறகும் அங்கேயே ஊர்த்தலைவனாகத் தங்கிவிட்டான் என்று படிக்கலாம். ஏழாம் நூற்றாண்டில் நார்தம்ப்ரியா அரசு, சுவரை மிதித்துத் தாண்டி, தெற்கே ஹம்பர் முதல் வடக்கே எடின்பரோவைத் தொடும் ஃபோர்த் கழிமுகம் வரை பரவியிருந்தது. அந்த அரசர்களின் அரண்மனை ஒன்று சுவருக்கு வெகு வடக்கே, சேவியட் மலையடிவாரத்தில் யெவரிங்கில் இருந்தது. பவுலினஸ் என்ற பாதிரியார் அங்கே 36 நாள் தங்கி, பக்கத்து ஆற்றில் மக்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார் என்று பீட் எழுதியிருக்கிறார். 1949இல் வறட்சிக் கோடையில் விமானத்திலிருந்து எடுத்த படத்தில் பயிரின் நிறவேறுபாட்டில் கட்டட வடிவங்கள் தெரிந்தன. அடுத்த பத்து வருடத்தில் தோண்டிப் பெரிய மரக்கூடங்களின் தடத்தையும், அரைவட்ட அரங்கின் ஒரு துண்டு மாதிரியான இருக்கை வரிசையின் தடத்தையும் கண்டார்கள். இன்றைய எல்லை அந்த இடத்திலிருந்து சில மைல் தூரம்தான். அன்றைக்கு அங்கே எல்லையே இல்லை.

எல்லை பிறந்தது பேரத்தில். சுவரின் மேற்கு முனைக்குப் பக்கத்திலுள்ள கார்லைல் நகரம் 1092 வரை இங்கிலாந்து அரசர்கள் கையில் இல்லை. ஸ்காட்லாந்தின் முதலாம் டேவிட் அதைத் திரும்பப் பிடித்து, 1153இல் அந்தக் கோட்டையிலேயே இறந்தார். 1237இல்தான் யார்க் நகரில் மூன்றாம் ஹென்றியும் இரண்டாம் அலெக்சாண்டரும் உடன்பட்டார்கள். வடக்கு மாவட்டங்கள் மீதான உரிமையை ஸ்காட்லாந்து விட்டுக்கொடுத்தது. ட்வீட் ஆறு தொடங்கி சால்வே கழிமுகம் வரையிலான கோடு அதிலிருந்து பெரிதாக நகரவில்லை. இரண்டு விதிவிலக்கு உண்டு. ட்வீட் ஆறு கடலில் சேரும் இடத்திலுள்ள பெரிக் நகரம் பலமுறை கைமாறி 1482இல் இங்கிலாந்திடம் நின்றது. மேற்கே யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்த நிலத்தை 1552இல்தான் ஒரு மண்கரை போட்டுப் பாகம் பிரித்தார்கள்.

நீங்கள் பார்த்த வீடுகள் இந்தக் கோட்டின் பிள்ளைகள். 1296இல் முதலாம் எட்வர்ட் ஸ்காட்லாந்து மீது படையெடுத்ததிலிருந்து முந்நூறு வருடம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பயிரும் வீடும் எரிந்துகொண்டே இருந்தன. உழவு நிலைக்காத இடத்தில் மாடுதான் சொத்து. மாடு என்றால் திருடலாம், ஓட்டிக்கொண்டு போகலாம். ஆம்ஸ்ட்ராங், கிரஹாம், சார்ல்டன், ராப்ஸன், எலியட் என்று குடும்பப் பெயரைச் சொல்லித் திரண்டார்கள். கிரஹாம் போன்ற சில பெயர்கள் எல்லைக்கு இருபுறமும் உண்டு, அரசனைவிடப் பங்காளிதான் பெரிது. இதற்கென்றே தனிச் சட்டம் இருந்தது, 1249 முதல் எழுத்தில். மாட்டைப் பறிகொடுத்தவன் ஆறு நாளுக்குள் எல்லை தாண்டித் துரத்தலாம். ஈட்டி முனையில் எரியும் புல்மண் கட்டியைக் குத்திப் பிடித்துக்கொண்டு போகவேண்டும், களவு மீட்கப் போகிறான் என்று ஊருக்குத் தெரியட்டும் என்று. 1596 ஏப்ரலில் கின்மாண்ட் வில்லி ஆம்ஸ்ட்ராங் என்ற எல்லைக் கொள்ளைக்காரனைக் கார்லைல் கோட்டைச் சிறையிலிருந்தே ஆட்கள் தூக்கிக்கொண்டு போனபோது, இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசியார் கொதித்ததற்குக் கடிதங்களே சாட்சி.

நீங்கள் பார்த்த மாதிரி வீடுகளைப் பாஸல் என்பார்கள், இந்தச் சூழலுக்கான வீடு. நீளம் பத்துப் பன்னிரண்டு மீட்டர், அகலம் ஆறேழு. கீழே மாடு, மேலே மனிதர். கீழ்வாசல் குறுகலாக, பெரும்பாலும் முக்கோணச் சுவர்ப்பக்கம் இருக்கும். உள்ளே கதவுக்குப் பின்னால் குறுக்குமரம் செருகுகிற துளைகளை இன்றும் கையை விட்டுப் பார்க்கலாம். சில வீடுகளில் கதவுக்கு மேலே ஒரு சின்னப் புழை, கீழே தீ வைத்தால் மேலிருந்து தண்ணீர் ஊற்ற. மேல்மாடிக்குத் தனி வாசல், ஏணி வழியாக. ஏறியதும் ஏணியை இழுத்துக்கொள்வார்கள். கோட்டை மாதிரி முற்றுகை தாங்காது. விடியும்வரை, பங்காளிகள் வந்து சேரும்வரை தாங்கினால் போதும்.

தேதிதான் விசித்திரம். 1541இல் அரசருக்காக எல்லையைச் சுற்றிப்பார்த்து எழுதிய அறிக்கையில், டைன்டேல் என்ற நார்த் டைன் பள்ளத்தாக்குக்காரர்களின் வீடுகள் பருத்த ஓக் மரங்களை அடுக்கிப் பூட்டிய சுவரோடு, சுலபத்தில் தீப்பிடிக்காதபடி மேலே மண்ணும் புல்கட்டியும் மூடியவை என்று இருக்கிறது. கல்வீட்டைப் பற்றி அந்த அறிக்கை அந்தப் பள்ளத்தாக்கில் பேசவில்லை. கல்லால் கட்டியவை அதற்குப் பிறகு வந்தவை. ஹோலிஸ்டோன் பக்கத்து வுட்ஹவுசஸ் பாஸலின் வாசல் கல்லில் 1602 என்று வெட்டியிருக்கிறது. அடுத்த வருடமே எலிசபெத் இறந்து, ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸ் இரண்டு நாட்டுக்கும் அரசரானார். எல்லையில் தூக்குமரம் ஓயவில்லை, கிரஹாம் குடும்பங்களை அயர்லாந்துக்கு அனுப்பினார்கள். பயம் தீர்ந்த பிறகும் சில பத்தாண்டுகளுக்கு இந்த வீடுகளைக் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பழக்கமா, மிச்சமிருந்த திருட்டா, கையில் காசு சேர்ந்ததும் கௌரவத்துக்கா என்று எங்கள் துறையில் இன்னும் வாதம் ஓடுகிறது. நான் காசு பக்கம் சாய்கிறேன். கல்தச்சனுக்குக் கூலி கொடுக்க அமைதி வேண்டும். ஓயாமல் கொள்ளை போகிற இடத்தில் கல்வீடு எழும்பாது. ஆனால் தேதி வெட்டிய கல் மிகக் குறைவு, மற்றவற்றையெல்லாம் வடிவத்தை வைத்துத்தான் கணிக்கிறோம் என்பதையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி, ரோமானியர் கட்டியதா என்ற சந்தேகம் உங்களுக்கு வந்ததற்கு ஓர் ஓரத்தில் நியாயம் உண்டு. சுவரை ஒட்டிய ஊர்களில் வீடு ரோமன் இல்லையென்றாலும் கல் ரோமனாக இருக்கும். ஹெக்ஸம் தேவாலயத்தில் 674 வாக்கில் வில்ஃப்ரிட் என்ற ஆயர் கட்டிய நிலவறை முழுக்க ரோமன் கல். அதில் ஒரு கல்வெட்டில் கேட்டா என்ற ரோமானிய இளவரசனின் பெயரைச் செதுக்கி அழித்திருக்கிறார்கள். அண்ணன் கரகல்லா அவனைக் கொன்றுவிட்டு, பேரரசு முழுக்கப் பெயரை அழிக்கச் சொன்னதன் மிச்சம் அது. லானர்காஸ்ட் மடம், தேர்ல்வால் கோட்டை, கார்பிரிட்ஜில் பாதிரியார் தங்கிய கோபுரம், எல்லாம் அப்படித்தான். பெரிய அடி 1750களில் விழுந்தது. ஸ்டூவர்ட் வம்சத்தை மறுபடி அரியணையில் அமர்த்த எழுந்த 1745 கிளர்ச்சியின்போது நியூகாசிலிலிருந்து கார்லைலுக்குப் படையையும் பீரங்கியையும் கொண்டுபோக நல்ல சாலை இல்லை என்று பிறகு ஒரு ராணுவச் சாலை போட்டார்கள். பல மைல் தூரம் சுவரை இடித்துத் தரைமட்டமாக்கி அதன் மேலேயே போட்டார்கள். நீங்கள் காரில் போன பி6318 அதுதான். 1801இல் வில்லியம் ஹட்டன் என்ற 78 வயதுக்காரர் பர்மிங்ஹாமிலிருந்து நடந்தே வந்து சுவரை முழுக்க நடந்தார். ப்ளேன்ட்ரீஸ் அருகே ஒரு நிலக்காரர் பண்ணை வீட்டுக்காகச் சுவரைப் பிரிப்பதைப் பார்த்து மனம் நொந்து, நிறுத்தச் சொல்லிச் சேதி அனுப்பினார். அங்கே ஒரு துண்டு இன்றும் நிற்கிறது. அப்புறம் 1834 முதல் நியூகாசில் நகரச் செயலர் ஜான் கிளேட்டன் சுவர் ஓடுகிற நிலங்களாக வாங்கிச் சேர்த்தார். ஐந்து கோட்டைகள் அவர் கைக்கு வந்தன. விழுந்த கற்களைத் தன் ஆட்களை விட்டு, சாந்து இல்லாமல் அடுக்கி எழுப்பினார். ஹவுஸ்டெட்ஸுக்கு மேற்கே பாறை உச்சியில் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்திருப்பீர்களே, அங்கே கண்ணுக்குத் தெரிகிற மேல்வரிசைகளில் பெரும்பகுதி கிளேட்டன் ஆட்களின் கைவேலை.

நீங்களே பார்த்துப் பிரித்துச் சொல்ல ஒரு வழி சொல்கிறேன். சுவரின் முகக்கல் ஏறத்தாழ ஒரு முழம்கூட இல்லாத சின்னக் கல், முன்பக்கம் சதுரமாக, பின்னால் உட்சுவரில் பிடிப்பதற்காகக் கூம்பிப் போகும். முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்த உளித்தடம் வைரக்கட்டம் மாதிரி ஓடினால் ரோமன் என்று துணிந்து சொல்லலாம். பெரிய கல்லாக இருந்தால் தலையில் தூக்குக்கம்பி செருக வெட்டிய குழி இருக்கிறதா என்று பாருங்கள். பாஸல் வீட்டின் கற்கள் வேறு ஜாதி: வயலிலிருந்தும் ஓடையிலிருந்தும் புரட்டி வந்த முரட்டுப் பாறைகள், இடையில் சில்லுக்கல் அடைப்பு, மூலைக்கல்லும் வாசல்கல்லும் மட்டும் ஒழுங்காக வெட்டியவை. நார்த் டைன் பக்கம் நீங்கள் பார்த்தவை அநேகமாக இந்த வகை. அங்கே சுவர் தூரம், ரோமன் கல்லை வண்டி கட்டி இழுத்துவரத் தேவை இல்லை. உறுதியாகச் சொல்ல வாசல்பக்கப் படம் ஒன்று போடுங்கள்.

அடுத்த முறை போனால் டார்செட் பள்ளத்தாக்கில் பிளாக் மிடன்ஸ் பாஸலுக்குப் போங்கள். கூரை இல்லை, நுழைவுக் கட்டணமும் இல்லை. மேல்வாசலுக்கு ஏறுகிற கல்படிகள் பிற்காலத்தில் சேர்த்தவை. அந்தப் படி இருக்கும் இடத்தில் ஏணி இருந்ததாக மனதில் நினைத்துப் பாருங்கள். மற்ற பாஸல்கள் பல இன்னும் ஆள் குடியிருக்கிற, மாடு கட்டுகிற பண்ணைகள், அதனால் கேட்காமல் உள்ளே நுழைந்துவிடாதீர்கள்.